லென்ஸின் குணதோஷம் அறிதல்

புதிய லென்ஸ் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே பாபநாசத்துக்கோ கூந்தன்குளத்துக்கோ புறப்பட்டுவிட மனம் பரபரப்பது இயல்பே. ஆயினும், அதன் குணம் யாது, தோஷம் யாது என்பதை ஊரிலேயே ஆற அமரப் பரீட்சித்துக்கொள்ளாமல் பிரயாணம் போகிறவர், வீடு திரும்பிக் கணினித் திரையில் படங்களை விரிக்கும்போது, ஒரு நாரையின் கண் மங்கிக் கிடப்பதற்குக் காரணம் லென்ஸா, கைநடுக்கமா, வெயிலின் கானலா என்று பிரித்தறிய வழியின்றித் திகைக்க நேரும். தோஷமே இல்லாத லென்ஸ் உலகத்தில் இல்லை. எந்தத் தோஷம் எந்தச் சந்தர்ப்பத்தில் தலைகாட்டும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் அதை ஒதுக்கிப் படமெடுப்பார். அறியாதவர் இன்னும் விலையுயர்ந்த வேறொரு லென்ஸைத் தேடிப் போவார்.

திருநெல்வேலியில் 1912-ஆம் ஆண்டு பிறந்து, கானுயிர்ப் புகைப்படத்திலும் எழுத்திலும் பெரும்பெயர் பெற்ற மா. கிருஷ்ணன், வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டி, யானை முதலான காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். அவரைப்போல நாமும் கேமராவைப் பூட்டிக் கழற்ற வேண்டுவதில்லை. தம் கருவியின் எல்லையை அவர் அறிந்திருந்த அளவுக்கு நம் கருவியின் எல்லையை நாமும் அறிந்தால் போதும்.

உடன்குடியில் இருக்கும் அன்பருக்கு இதற்கென ஆய்வுக்கூடம் தேவையில்லை. கிழக்கே கடலின் தொடுவானம், ஊரைச் சுற்றிலும் பனை, அதற்கப்பால் செம்மணல் தேரி ஆகிய மூன்றும் லென்ஸ் பரீட்சைக்கென்றே அமைந்தவை போல வாய்த்திருக்கின்றன. கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் செய்து வந்தால், ஒரு வார இறுதிக்குள் உங்கள் லென்ஸைப் பற்றிய முழு ஜாதகமும் உங்கள் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

கைவசம் இருக்க வேண்டியவை

1. ஆட்டமில்லாத முக்காலி. காற்றுக் காலத்தில் அதன் நடுக்கொக்கியில் தண்ணீர்ப் போத்தலோ மணற்பையோ தொங்கவிட வேண்டும்.
2. சிறிய சவரக்கண்ணாடி, தீப்பெட்டி, பழைய செய்தித்தாள்கள், ஓர் ஓலைப்பாய்.
3. கையால் அழுத்தும் ரப்பர் காற்றூதி, மென்மையான தூரிகை, லென்ஸ் துடைக்கும் துணி.
4. குறிப்பேடும் பென்சிலும். கேமரா தானே பதிந்துகொள்ளும் விவரங்களில் காற்றும் வெயிலும் இரா. அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குமுன்

பிறர் கை மாறி வரும் லென்ஸ்களில் விலை மலிவு உண்டு. கடற்கரைப் பிரதேசத்தின் ஈரக்காற்றில் கிடந்ததானால் பூஞ்சையும் உண்டு. ஆகையால் பணம் கொடுக்குமுன் இந்த ஐந்தையும் பார்த்துவிட வேண்டும்.

1. இரு மூடிகளையும் கழற்றி, லென்ஸின் ஒரு முனையில் கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து, மறுமுனை வழியாக நோக்குக. சிலந்திநூல்போல் கிளைத்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை; அந்த லென்ஸைத் தொடாமல் விட்டுவிடுவதே நலம். சிதறிய தூசித் துகள்கள் சிலவற்றால் படம் கெடுவதில்லை.
2. அப்பெர்ச்சர் வளையம் உள்ள லென்ஸானால், அதைத் திருப்பித் திருப்பி உள்ளிதழ்கள் தயக்கமின்றி மூடித் திறக்கின்றனவா, அவற்றின்மேல் எண்ணெய்ப் பளபளப்பு உள்ளதா என்று பார்க்க.
3. ஃபோகஸ் வளையத்தை முழுச் சுற்றும் திருப்புக. நறநறவென்று ஒலித்தால் மணல் புகுந்திருக்கிறது. இடையில் தளர்ந்தும் இறுகியும் வந்தால் உட்பொருத்தம் கெட்டிருக்கிறது.
4. கேமராவில் பூட்டும் உலோக வளையமும் அதன் செப்பு முனைகளும் தேயாமலும் துருவேறாமலும் இருக்கின்றனவா என்று காண்க.
5. உங்கள் சொந்தக் கேமராவில் மாட்டி, முழுத் திறப்பில் சில படங்களை அங்கேயே எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க.

*குறிப்பு:* முன்கண்ணாடியில் உள்ள சிறு கீறல் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின்கண்ணாடியில் உள்ள கீறல் தெரியும். பேரம் பேசும்போது இந்தப் பேதம் உதவும். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்கலாகாது.

முதற் பரீட்சை: செய்தித்தாள் சுவர்

லென்ஸ் எந்தத் திறப்பில் மிகக் கூர்மையாக வரைகிறது என்பதை இது காட்டும். நிழல் விழுந்த வெளிச்சுவர் ஒன்றில் வரி விளம்பரப் பக்கங்களை ஒட்டுக; அந்தப் பொடி எழுத்துகளைவிட நல்ல பரீட்சைத்தாள் கிடைப்பது அரிது. நடுவில் மட்டும் ஒட்டினால் போதாது. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் தாள் வரவேண்டும்.

1. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இரண்டு மீட்டர் தொலைவேனும் விட்டு முக்காலியை நிறுத்துக. நீண்ட லென்ஸானால் தொலைவும் அதே விகிதத்தில் கூடும்.
2. சவரக்கண்ணாடியைச் சுவரில், சட்டத்தின் நடுவே வரும் இடத்தில், தட்டையாகப் பதித்துப் பிடிக்கச் சொல்லிக் கேமரா வழியே நோக்குக. அக்கண்ணாடியில் லென்ஸின் பிம்பம் சரிநடுவில் தெரிந்தால், கேமரா சுவருக்கு நேராக நிற்கிறது என்று பொருள்; ஒதுங்கித் தெரிந்தால், நடுவுக்கு வரும்வரை முக்காலியை நகர்த்துக. இந்த ஒரு காரியத்தைச் சோம்பலால் தவிர்ப்பவர்களே, சுவர் சாய்ந்திருந்த குற்றத்தை லென்ஸின்மேல் ஏற்றுகிறார்கள்.
3. ஐஎஸ்ஓவைக் கேமராவின் தாழ்ந்த அளவில் வைக்க. அதிர்வு தணிக்கும் வசதியை அணைக்க. ஷட்டரை 2 விநாடித் தாமதத்தில் இயங்கவிடுக.
4. படத்தை ரா கோப்பாகப் பதிக. கேமராவே ஆக்கித்தரும் ஜேபெக்கில் லென்ஸின் தோஷங்கள் பாதி மறைக்கப்பட்டிருக்கும்.
5. கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்க.
6. முழுத் திறப்பில் தொடங்கி, எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு படம் எடுக்க. ஒன்றில் அசைவு நேர்ந்தாலும் மற்றொன்று சாட்சி சொல்லும்.

திரையில் நூறு சதவிகித அளவில் ஒப்பிட்டால், பெரும்பாலான லென்ஸ்களில் நடுப்பகுதி எஃப் 4-லிருந்து 5.6-க்குள்ளும், மூலைகள் எஃப் 8-இன் அருகிலும் சிறந்து நிற்கக் காணலாம். எஃப் 16-க்குப் போனால் எழுத்துகள் எங்கும் சமமாக மழுங்கும். மிகச் சிறிய துளை வழியே புகும் ஒளி விளிம்பில் விலகிப் பரவுவதே இதற்குக் காரணம். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதற்கு விதிவிலக்கு வாங்க முடியாது. உங்கள் லென்ஸின் நல்ல திறப்பு எது என்று கண்டதும் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்க.

இரண்டாம் பரீட்சை: ஓலைப்பாய்

கண்ணாடி கூர்மையானதாக இருந்தும் ஆட்டோ ஃபோகஸ் முன்னோ பின்னோ தவறி விழுவதுண்டு; கண்ணாடி மடிப்புள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இது அதிகம், மிர்ரர்லெஸ் கேமராக்களில் குறைவு. பனையோலைப் பாயின் முடைவு ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருவதால், ஃபோகஸ் எங்கே விழுந்தது என்று எண்ணிச் சொல்லவே முடிகிறது.

1. பாயைத் தரையில் விரித்து, நடுவில் ஒரு தீப்பெட்டியை அதன் படம் போட்ட முகம் உங்களைப் பார்க்குமாறு நிறுத்துக.
2. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் கேமராவை நிறுத்தி, முழுத் திறப்பில், தீப்பெட்டியின் முகத்தில் ஃபோகஸ் செய்து எடுக்க.
3. ஒவ்வொரு முறையும் ஃபோகஸை முற்றிலும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிப் பலமுறை எடுக்க.
4. தீப்பெட்டிக்கு முன்னும் பின்னும் எத்தனை முடைவு வரிசை தெளிவாக உள்ளது என்று எண்ணுக.

ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாகத் தவறினால், கேமராவின் ஃபோகஸ் திருத்தப் பகுதியில் அதைச் சரிக்கட்டலாம். ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாகத் தவறினால் அது திருத்தத்தில் அடங்காது. பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாம் பரீட்சை: மணப்பாட்டுத் தொடுவானம்

கடலுக்குள் நீண்டு நிற்கும் மணப்பாட்டு மணற்குன்றின்மேல் 1581-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட திருச்சிலுவை ஆலயமும், அருகே கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. தூரத்துப் புள்ளியாகிய விளக்கமும், நேர்கோடாகிய தொடுவானமும் ஒரே இடத்தில் கிடைப்பதால், லென்ஸுக்குள் கண்ணாடிகள் நடுவச்சில் பொருந்தியுள்ளனவா என்பதை இங்கே கண்டுவிடலாம். காலையில் கதிரவன் கடலிலிருந்து எழுந்து எதிரே நிற்கும். ஆகையால் தொடுவானப் பரீட்சைக்கு, வெயில் முதுகுப்பக்கம் விழும் பின்மாலையே உகந்தது.

1. குன்றிலிருந்து விலகிய கரையில் முக்காலியை நிறுத்தி, விளக்கத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து, முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்து, அதை அப்படியே நிலைநிறுத்துக.
2. கேமராவை மட்டும் திருப்பி, விளக்கம் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக விழும்படி நான்கு படங்கள் எடுக்க.
3. நான்கு மூலைகளும் ஒரே அளவாக மங்கினால் அது அந்த லென்ஸ் வகையின் இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட மிக மங்கினால் உட்கண்ணாடி நடு பிசகியிருக்கிறது. உத்தரவாதக் காலமாயின் திருப்பித் தருவதற்குத் தயங்க வேண்டாம்.
4. அடுத்துத் தொடுவானத்தைச் சட்டத்தின் மேல்விளிம்பருகே வைத்து ஒன்றும், கீழ்விளிம்பருகே வைத்து ஒன்றும் எடுக்க. கோடு வில்லாக வளைந்தால் அது லென்ஸின் வளைவுக் குற்றம், மென்பொருளில் நேராக்கிவிடலாம்.
5. மேகமற்ற வானத்தை முழுத் திறப்பில் எடுத்து, மூலைகள் எவ்வளவு இருள்கின்றன என்று பார்த்து, இரண்டு படி குறைத்து மீண்டும் எடுத்து ஒப்பிடுக.

நான்காம் பரீட்சை: பனையும் பிரகாசமான வானமும்

பனையின் மட்டையை அருகில் சென்று நோக்கினால், இரு ஓரங்களிலும் ரம்பப் பற்கள்போலக் கருத்த முட்கள் வரிசை பிடித்திருப்பதைக் காணலாம். கருக்கு என்பது அதுதான். வெண்ணிறமாய்க் கூசும் வானத்தின் முன் நிற்கும் இந்தக் கருக்கும், விசிறிபோல் பிளந்த ஓலை நுனிகளும், லென்ஸின் நிறப்பிறழ்ச்சியை ஒளிக்காமல் வெளிப்படுத்திவிடும்.

1. மரத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து ஒரு முறையும், ஓரத்தில் வைத்து ஒரு முறையும் எடுக்க. ஓலை காற்றிலாடும், ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையலாகாது.
2. முழுத் திறப்பிலும் எஃப் 8-இலும் எடுத்து, கருக்கின் விளிம்புகளைப் பெரிதாக்கிப் பார்க்க.
3. ஓரத்தில் மட்டும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையோ நீலமோ படர்ந்து, திறப்பைக் குறைத்தும் மறையாவிட்டால், மென்பொருள் அதை எளிதில் நீக்கும்.
4. நடுவிலும் ஊதா நிறம் படர்ந்து, எஃப் 8-இல் அது குறைந்தால், பிரகாசமான வானத்தின் முன் பறவையையோ மரத்தையோ எடுக்கும்போது முழுத் திறப்பைத் தவிர்க்க வேண்டுமென்று குறித்துக்கொள்க.
5. கதிரவன் சட்டத்துக்குச் சற்று வெளியே நிற்குமாறு ஒரு படத்தை ஹூட் இல்லாமலும் ஒரு படத்தை ஹூட் மாட்டியும் எடுத்து, படத்தில் எவ்வளவு வெளுப்புப் படர்கிறது என்று ஒப்பிடுக.

*எச்சரிக்கை:* டிஎஸ்எல்ஆரின் கண்துளை வழியாகக் கதிரவனை நேரே பார்க்கவே கூடாது. நீண்ட லென்ஸ் அவ்வொளியைக் குவித்து ஒரு கணத்தில் பார்வையைக் கெடுத்துவிடும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

*கானலை லென்ஸின் குற்றமென்று நினைத்தல்.* தேரியின் மேலும் உப்பளத்தின் மேலும் முற்பகலுக்குப் பிறகு காற்று கொதித்து அலையும். 400 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்துப் பொருள் எதுவும் அப்போது தெளியாது. தூரப் பரீட்சைகளை நடுப்பகலில் செய்யாதிருப்பதே பரிகாரம்.

*மலிவான ஃபில்டரோடு பரீட்சித்தல்.* முன்னால் மாட்டிய யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். பிறகு அதை மாட்டி ஒரு படம் எடுத்தால் ஃபில்டரின் தகுதியும் தெரிந்துவிடும்.

*தேரியின் செம்மையை இழத்தல்.* தானியங்கி நிறச் சமநிலை, இரும்புச் சத்தால் சிவந்த அம்மணலைக் கண்டு மிரண்டு, நீலத்தைக் கூட்டி நிறத்தை வெளுக்கச் செய்யும். பகலொளி அமைப்பில் நிறுத்திக்கொள்க.

*உப்பின் வெண்மை சாம்பலாதல்.* தூத்துக்குடி உப்பளங்களில் ஒளிமானி ஏமாந்து படத்தை இருளாக்கும். ஒரு படி அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டி, வெண்மை வெந்துபோகாமல் ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொள்க.

கருவிக்கும் உயிருக்கும் பாதுகாப்பு

ஆடி மாதக் காற்றில் தேரி மணல் எழுந்து பறக்கும்போது லென்ஸ் மாற்றுவது, கேமராவுக்குள் மணலை நாமே அள்ளிப் போடுவதற்கு ஒப்பு. வேண்டிய லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போக வேண்டும். நீட்டி மடக்கும் ஜூம் லென்ஸ் காற்றை உள்ளிழுப்பதால் தூசியையும் சேர்த்தே இழுக்கும். திரும்பியதும் முதலில் காற்றூதி, அடுத்துத் தூரிகை, கடைசியில்தான் துணி. இவ்வரிசை பிறழ்ந்தால் மணற்பொடி கண்ணாடியைக் கீறும். கடல் திவலை பட்ட உடலை, நல்ல நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் அன்றைக்கே துடைக்க வேண்டும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல்லுடன் வைத்துவிட்டால் ஈரத்துக்கு அஞ்ச வேண்டாம். அதற்குப் பதிலாக அரிசியில் புதைப்பது தவிட்டையும் பொடியையும் சேர்க்கும்.

1. பாறைமேலும் அலைவாயிலும் கடலுக்கு முதுகு காட்டி நிற்கலாகாது.
2. தேரிக்குள் தனியே போக வேண்டாம். ஒருபோல் தோன்றும் மேடுகள் வழி தப்பச் செய்யும். தண்ணீரும் தொப்பியும் காலணியும் அவசியம். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும்.
3. பனையேறி மரத்திலிருக்கும்போது அடியில் நிற்காதீர்கள். பாளை அரிவாளோ கலயமோ நழுவினால் ஒதுங்க நேரமிராது. மேலிருப்பவரைக் கூப்பிட்டுக் கவனத்தைச் சிதறடிப்பது அவருடைய உயிருக்கே அபாயம்.
4. தாமிரபரணிப் படித்துறைகளில் நீர் அமைதியாகத் தோன்றினாலும் இழுப்பு உண்டு. அணையிலிருந்து நீர் திறக்கப்படும் நாட்களில் மட்டம் விரைவில் உயரும். முக்காலியை ஆற்றுக்குள் நிறுத்துவதற்கு முன் ஊராரை விசாரிக்க.
5. உடன்குடி அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினத்து ராக்கெட் ஏவுதளம் ஆகியவற்றின் அருகே ட்ரோன் பறக்கவிடவோ, தடுத்த இடத்தில் படமெடுக்கவோ முனைய வேண்டாம். வேறெங்கானாலும் ட்ரோனுக்குத் தடையுள்ள இடங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்த பிறகே ட்ரோனை வெளியில் எடுக்க வேண்டும்.

பரீட்சித்த லென்ஸோடு பிரயாணம்

நாங்குநேரித் தாலுகாவிலுள்ள கூந்தன்குளத்தில், சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுவதால், நீண்ட லென்ஸ் இல்லாதவருக்கும் படம் கிடைக்கும். பறவை வருவதை நற்பேறாகக் கருதும் அவ்வூரார் காட்டும் தூரத்துக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதிருப்பதே நாம் காட்டும் நன்றி. பறக்கும் நாரைக்கு 1/1600 விநாடியும், உட்கார்ந்த நாரைக்குக் குறிப்பேட்டில் கண்ட நல்ல திறப்பும் பொருந்தும். தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் திருப்புடைமருதூர், ஊராரின் வேண்டுகோளின் பேரில் 2005-இல் பறவைகளுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். மருத மர நிழலில் ஒளி குறைவாதலால், உங்கள் லென்ஸ் முழுத் திறப்பில் எவ்வளவு தாங்கும் என்ற அறிவு அங்கேதான் பலன் தரும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையலாகாது.

குலசேகரன்பட்டினத்துத் தசராவில் காளி வேடமும் குறவர் வேடமும் பூண்டு வருகிறவர்கள் நேர்ச்சைக்காக விரதமிருப்பவர்கள். அவர்களை நடிகர்களாகப் பாவித்து, முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது அநாகரிகம். “அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்று கேட்ட பிறகு எடுத்தால், பெரும்பாலும் அவரே நிதானமாக நின்று தருவார். கருப்பட்டி காய்ச்சும் இடத்திலும் அப்படியே. புகை லென்ஸில் படிந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கொதிக்கும் பாகின் அருகே முக்காலியின் கால் தட்டுப்படுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

படத்தைப் பகிரும் முறை

1. ஒரு பிரயாணத்திலிருந்து பத்துப் படத்துக்கு மேல் காட்டாதீர்கள். ஒரே நாரையின் நான்கு கோணங்களில் மூன்றைக் கழிப்பது எடுத்தவருக்குத்தான் வருத்தம், பார்ப்பவருக்கு உபகாரம்.
2. தொடுவானத்தை நேராக்குக. நிறத்தைக் கண் கண்ட அளவுக்கு மேல் ஏற்றாதிருக்க.
3. நீளப்பக்கம் 2048 பிக்சலாகச் சுருக்கி, எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் பதிவு செய்க. மூலக் கோப்பின் இரண்டு பிரதிகள் இரு வேறு இடங்களில் இருக்கட்டும்.
4. படத்தின் கீழ் உயிரினத்தின் பெயர், ஊர், மாதம், லென்ஸ், திறப்பு, ஷட்டர் வேகம் ஆகியவற்றை எழுதுக.
5. கூடுகளின் சரியான இடத்தைச் சொல்லாதீர்கள். கோப்பில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுக.
6. லென்ஸ் பரீட்சைப் படங்களைப் பகிர்ந்தால் கூர்மை ஏற்றாமல், நூறு சதவிகிதத் துண்டாக, எல்லாத் திறப்புகளையும் வரிசையாகத் தருக. நன்றாக வந்த ஒன்றை மட்டும் காட்டுவது விளம்பரம். வரிசை முழுவதையும் காட்டுவதே சாட்சியம்.
7. படத்தில் முகம் தெரியும் பனையேறிக்கும் மீனவருக்கும் ஓர் அச்சுப்படம் கொண்டுபோய்க் கொடுக்க.

இவ்வத்தியாயத்துக்கான பயிற்சி

சனிக்கிழமை காலையில் செய்தித்தாள் சுவரையும் ஓலைப்பாயையும் முடித்து, பின்மாலையில் மணப்பாடு செல்க. ஞாயிறு காலையில் பனந்தோப்பில் நான்காம் பரீட்சையைச் செய்க. அதன்பின் குறிப்பேட்டில் மூன்றே வரி எழுதுக: ‘நம்பத்தக்க திறப்பு இது, தவிர்க்க வேண்டிய ஒளி இது, நம்பலாகாத மூலை இது.’ அந்த மூன்று வரியும் மனத்தில் பதிந்த பிறகு, ஓராண்டுக் காலம் இந்த லென்ஸை மறுபடி பரீட்சிக்கவே வேண்டாம். சுவரைப் படமெடுப்பதில் ருசி கண்டு பறவையை மறந்துவிட்டவர்கள் பலருண்டு; அக்கூட்டத்தில் சேராமல், அடுத்த வாரமே கூந்தன்குளத்துக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.